ஓடுபவள் செல்லட்டும், வீடு இருக்கட்டும்

எங்கள் மூத்த மகள் ஓட்டப் பந்தயத்தில் சிறந்து விளங்குகிறாள். 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியில் படிவம் 1இல் சேர அவள் விழைகிறாள். "குடும்பத்தோடு கோலாலம்பூருக்கே குடிபெயருங்கள்" என்றனர் உறவினர்.

பாயான் பாருவை விட்டால் இளையவனின் தமிழ்ப்பள்ளி, பாட்டியின் துணை, எங்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலை யாவும் போகும். நாளை அவள் கால் சுளுக்கினால் இத்தனை இழப்பின் பளுவும் அச்சிறுமியின் தோளிலன்றோ விழும்?

பினாங்கில் பிறந்து வளர்ந்த நிக்கோல் டேவிட் 1999இல் உலக இளையோர் சுவர்ப்பந்து வாகையரானார். பின்னரே ஆம்ஸ்டர்டாம் சென்று பயின்று, 2005இல் உலக வாகை சூடினார்.

ஆகவே, தேர்வு பெற்றால் மகள் விடுதியில் தங்கிப் பயிலட்டும். நாங்கள் இங்கேயே இருப்போம். வென்று வந்தாலும் தோற்று வந்தாலும் அவளுக்கு ஒரு வீடு வேண்டுமல்லவா!