கடன் தீர்ந்தது, பாலிசி என்ன ஆயிற்று?

வீட்டுக் கடனை அடைத்துப் பத்திரம் கைக்கு வந்துவிட்டால் நமக்கெல்லாம் தலைப்பாரம் இறங்கியது போல இருக்கும். சாமி படத்தின் முன் வைத்துக் கற்பூரம் காட்டி, பீரோவில் பூட்டிவிடுவோம். ஆனால் சகோதரிகளே, கடன் வாங்கிய அன்று பத்திரத்தோடு சேர்த்து வேறு என்னென்ன காகிதம் கொடுத்தோம் என்று யாராவது நினைத்துப் பார்க்கிறோமா?

அந்த நாளில் வீட்டுக் கடன் வாங்குபவர்கள் பலர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி ஒன்றையும் ஈடாகக் கொடுப்பார்கள். கடன்காரர் இடையில் கண்ணை மூடினாலும் பாலிசிப் பணத்தில் கடன் தீரும், குடும்பம் தெருவில் நிற்காது என்பதுதான் காரணம். இதற்காகப் பாலிசியின் உரிமையையே கடன் கொடுத்தவர் பெயருக்கு மாற்றி எழுதித் தருவார்கள். 1938-ம் வருஷத்துக் காப்பீட்டுச் சட்டத்தின் 38-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. கடன் தீர்ந்ததும் அந்த உரிமையைத் திரும்ப நம் பெயருக்கு எழுதி வாங்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

எங்களுக்கு ஊர் பழவேற்காடு ஏரிப் பக்கம் காட்டூர். என் மாமனார் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1992-ல் கடன் வாங்கி வீடு கட்டினார். கூடவே ஐம்பதாயிரம் ரூபாய்க்கு இருபது வருஷப் பாலிசி. பிரீமியம் சம்பளத்தில் பிடித்தம். 2004-ல் ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த பணத்தில் கடனை அடைத்தார். நிறுவனம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தது, பாலிசியைக் கொடுக்கவில்லை. சம்பளம் நின்றதால் பிரீமியமும் நின்றது. 2015-ல் மாமனார் காலமானார்.

2024-ல் பழைய இரும்புப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது கடன் அனுமதிக் கடிதம் கிடைத்தது. அதில் பாலிசி எண் இருந்தது. அத்தையைக் கேட்டேன். "ஆமாம்மா, சம்பளத்துல ரெண்டு பிடித்தம் ஆவுதுன்னு சொல்லுவாரு. அதெல்லாம் கட்டாம நின்னுபோச்சே, எங்க கிடைக்கும்?" என்றார். தெரிந்த ஒருவரோ, "பத்து வருஷம் தாண்டிட்டா பணம் அரசாங்கத்துக்குப் போயிடும், வீணா அலையாதீங்க" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் பாதிதான் சரி. பழைய பாலிசிகளில் பெரும்பாலும் மூன்று வருஷ பிரீமியம் கட்டியிருந்தாலே, பிறகு நின்றாலும் பாலிசி முழுதும் வீணாகாது. கட்டிய வருஷங்களின் கணக்குக்குத் தொகை குறைந்து நிற்கும். இருபது வருஷத்தில் பன்னிரண்டு வருஷம் கட்டியிருந்ததால் ஐம்பதாயிரத்தில் முப்பதாயிரம் எங்களுடையது. அதுவரை சேர்ந்த போனஸ் தனி. முதிர்வுத் தேதி 2012.

கேட்பாரற்றுப் பத்து வருஷத்துக்கு மேல் கிடக்கும் காப்பீட்டுப் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போவது உண்மை. ஆனால் போன பிறகும் 25 வருஷம் வரை உரியவர்கள் கேட்டு வாங்கலாம். அதற்கு டில்லிக்குப் போக வேண்டாம். பாலிசி கொடுத்த காப்பீட்டு அலுவலகத்திலேயே மனுக் கொடுத்தால் போதும்.

எங்களுக்குப் பெரிய அலைச்சல் கடன் கொடுத்த நிறுவனத்தில்தான். பழைய கிளை இடம் மாறிவிட்டது. "இவ்வளவு பழைய கணக்கு இங்கே இல்லை" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பத்திரம் திரும்ப வாங்கியபோது மாமனார் கையெழுத்துப் போட்ட ரசீதும் பெட்டியில் இருந்ததோ, பிழைத்தோம். அனுமதிக் கடிதம், ரசீது இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து, எழுத்தில் மனுவாகப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். "கடன் பாக்கி இல்லை, பாலிசியில் எங்களுக்கு உரிமை இல்லை" என்ற கடிதம் ஒரு மாதத்தில் வந்தது. பாலிசிப் பத்திரம் கிடைக்கவே இல்லை. அதற்குப் பதில் முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தோம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பாலிசியில் வாரிசாக அத்தை பெயர்தான் இருந்தது. ஆனால் அன்றைய சட்டப்படி, உரிமையை மாற்றி எழுதியபோதே அந்த நியமனம் ரத்தாகிவிட்டதாம். (2015-ல் சட்டம் திருத்தப்பட்ட பின், கடனுக்காக மாற்றினால் நியமனம் ரத்தாவதில்லை.) ஆகவே பொன்னேரி தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, என் வீட்டுக்காரரும் நாத்தனார்கள் இருவரும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். சின்ன நாத்தனார், "அப்பா காசு அம்மாவுக்குத்தான் அண்ணி" என்று பஸ் பிடித்து வந்து போட்டுவிட்டுப் போனாள். பாகம் கேட்டுச் சண்டை வருமோ என்று உள்ளுக்குள் பயந்திருந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஏழு மாதம் ஆயிற்று. பணம் அத்தையின் பெயரிலுள்ள பாஸ்புத்தகத்தில் விழுந்தது. எழுபத்தாறு வயதில் அவர் கணக்கில் வந்த முதல் பெரிய தொகை. காது கேட்கும் கருவி வாங்கினோம்; மீதியை அவர் பெயரிலேயே டெபாசிட் செய்தோம்.

வாசக சகோதரிகளுக்குச் சில வார்த்தை:

வீட்டுக் கடன் நடப்பில் இருந்தால், ஈடாகக் கொடுத்த காகிதங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாலிசி எண்ணும் முதிர்வுத் தேதியும் அதில் இருக்கட்டும்.

கடன் தீர்ந்ததும் பத்திரம், பாக்கி இல்லை என்ற கடிதம், பாலிசி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பாலிசி உங்கள் பெயருக்குத் திரும்ப மாறியதா, வாரிசு பெயர் இருக்கிறதா என்று காப்பீட்டு அலுவலகத்தில் சரி பாருங்கள். வில்லங்கச் சான்றிதழ் போட்டு, அடமானம் நீங்கிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 1-க்குப் பின் தீரும் கடன்களுக்கு, சொத்தின் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும்.

பழைய பாலிசி பற்றிச் சந்தேகம் இருந்தால், காப்பீட்டு நிறுவனங்களின் இணையதளத்தில் கேட்பாரற்ற தொகையைத் தேடும் வசதி இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, பாலிசி எண் கொடுத்துப் பிள்ளைகளைத் தேடித் தரச் சொல்லுங்கள்.

கணக்கு வழக்கெல்லாம் ஆண்கள் விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அவர்கள் வியர்வை சிந்திக் கட்டிய காசு, நம் வீட்டுக் காசு. அது எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதும் குடித்தனத்தில் சேர்ந்ததுதான்.