நட்ட பிறகு யார் பார்ப்பார்கள்?

தலையில் முடி நட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவர் முதலில் விசாரிப்பது ஒரு கிராஃப்ட், அதாவது வேரோடு எடுத்து நடும் ஒரு முடிக்கொத்து, என்ன ரேட் என்பதைத்தான். அடுத்தது, எத்தனை கிராஃப்ட் வைப்பார்கள் என்பது. அதற்குப் பிறகு கைபேசியில் நட்டதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பார்க்கிறார், தவணை உண்டா என்று கேட்கிறார், தேதி குறிக்கிறார். இந்த விசாரணை முழுவதும் நாற்காலியில் உட்காரும் ஒரு நாளைப் பற்றியது. ஆனால் முடி நடுவதில் அந்த நாள் சிறிய பகுதி. மரப்பு ஊசி இறங்கும் இரவு, பொருக்கு உதிரும் பத்து நாள், நட்டதெல்லாம் கொட்டிப்போய் மனசு கலங்கும் இரண்டாம் மாதம், புதிதாக முளைக்கத் தொடங்கும் நாலாம் மாதம், பலன் முழுசாகத் தெரியும் பன்னிரண்டாம் மாதம் என்று ஓராண்டுக்கு இது நீள்கிறது. எந்த கிளினிக்குக்குப் போவது என்பதை இந்த ஓராண்டை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதே என் வாதம். கடலூர்க்காரருக்கும் சிதம்பரத்துக்காரருக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும். சிதம்பரத்திலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கு மேல். நெற்றி வீங்கிக் கண் மூடிக்கொண்ட மூன்றாம் நாள் காலையில் அது சின்ன தூரம் இல்லை.

2016 மே மாதம், சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவராக இருந்த 22 வயது இளைஞர் ஒருவர் நுங்கம்பாக்கத்தில் ஒரு மையத்தில் முடி நட்டுக்கொண்டார். உடல்நிலை மோசமாகி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்கள், இரண்டு நாளில் இறந்துவிட்டார். அதிகாரிகள் சோதித்தபோது அந்த இடத்துக்கு இருந்தது சலூன் நடத்தும் உரிமம் மட்டும்தான் என்று தெரிந்து சீல் வைத்தார்கள். மருத்துவம் படிக்கிறவரே இப்படிப் போய் மாட்டிக்கொண்டாரே என்று கேட்கத் தோன்றும். உள்ளே நுழைகிறவர் கண்ணில் படுவது கண்ணாடிக் கதவு, ஏ.சி., வெள்ளைக் கோட்டு. ரத்த அழுத்தம் சரிந்தால் தூக்கி நிறுத்தும் மருந்து இருக்கிறதா, ஆக்சிஜன் இருக்கிறதா, மூச்சுக்குழாய் போடத் தெரிந்த ஆள் மாலைவரை இருப்பாரா என்பதெல்லாம் வரவேற்பறையில் தெரியாது. முழு மயக்கம் இல்லை, மரப்பு ஊசிதானே என்பார்கள். தலை முழுவதையும் மரக்கவைக்க லிக்னோகெய்ன் கணிசமாகச் செலுத்த வேண்டியிருக்கிறது. அட்ரினலின் கலந்து கொடுத்தால் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்ச வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம். அமர்வு எட்டு மணி நேரம் நீண்டு, மரப்பு தெளியத் தெளிய மறுபடி ஊசி போடும்போது இந்தக் கூட்டலை யாராவது எழுதிவைக்க வேண்டும். வரம்பு மீறினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். 2019இல் மும்பையில் 43 வயது தொழிலதிபர் ஒருவர் இறந்தபோது ஒரே அமர்வில் 9,000க்கு மேல் கிராஃப்ட் வைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அந்த எண்ணைக் கேட்டதும் எழுந்து வந்திருக்க வேண்டும். அது ஏன் என்பது அடுத்துத் தெரியும்.

இந்தச் சிகிச்சை செல்லுபடியாவது ஒரே ஓர் இயற்கை உண்மையால். நியூயார்க்கின் நார்மன் ஓரென்ட்ரைக் 1952இல் தொடங்கி 1959இல் எழுதி வெளியிட்ட உண்மை அது: பின்னந்தலை முடியை எடுத்து முன்னால் வைத்தாலும் அது பின்னந்தலை முடியின் குணத்தோடே இருக்கும். உச்சியில் இருந்த முடி ஹார்மோனுக்குப் பணிந்து மெலிந்து உதிர்கிறது. பிடரிக்கு மேலே இருக்கும் முடி பணிவதில்லை. ஆக, புது முடி எதுவும் உண்டாவதில்லை, இருப்பது இடம் மாறுகிறது. காட்டுமன்னார்கோவில் பக்கம் நடவு தெரிந்தவர்களுக்கு ஒரு வித்தியாசத்தைச் சொன்னால் போதும்: நாற்றங்காலை மறுபடி விதைக்கலாம், பின்னந்தலையை விதைக்க முடியாது. பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுவதற்கும் சேர்த்துப் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது தோராயமாக 5,000, 6,000 கிராஃப்ட். ஒரு கிராஃப்டில் ஒன்றிலிருந்து நாலு முடிவரை இருக்கும். கிராஃப்ட் கணக்கையும் முடிக் கணக்கையும் குழப்பியே வியாபாரம் பேசுகிற இடங்கள் உண்டு, எண்ணைச் சொல்லும்போது எதை எண்ணுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இருபத்திரண்டு வயதில் நெற்றி ஏறத் தொடங்கியவருக்கு நாற்பதில் உச்சியும் போகலாம். அன்றைக்கு எடுக்க எதுவும் மிஞ்சாதபடி இன்றைக்கே முன்வரிசையைத் தாழ்த்தி அடர்த்தியாக நட்டுவிட்டால், முன்னால் ஒரு பட்டை முடியும் பின்னால் வெறும் தலையுமாக நிற்க வேண்டிவரும். கிராஃப்ட் எண்ணிக்கைக்குக் காசு வாங்குகிற இடத்துக்கு அதிகம் எடுப்பதே லாபம். குறைவாக எடுத்து மிச்சம் வைப்பது பத்து வருடம் கழித்தும் தலை சுமக்கப்போகிறவருக்குத்தான் லாபம். இந்த முரணைத் தெரிந்துகொண்டு பேசுகிற மருத்துவர் ஒரு பங்கு வேண்டாம் என்பார், சில நேரம் மொத்தமுமே வேண்டாம் என்பார்.

வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் உள்ளவர், விற்க எதுவும் இல்லாதவர். அதனால் முதல் படி கிளினிக்கே இல்லை என்பேன். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, அண்ணாமலைநகரில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக இருக்கிற இடத்திலோ தோல் மருத்துவரிடம் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டுவது முதல் படி. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்; நிற்கலாம். டெங்குவோ டைஃபாய்டோ வந்து மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிற முடி பெரும்பாலும் தானாகத் திரும்பி வரும். இரும்புச்சத்துக் குறைவிலும் தைராய்டிலும் கொட்டுவதற்கு மருந்து வேறு. வட்டமாக உதிரும் புழுவெட்டில் நட்டால் நட்டதும் போகும். இந்த நான்கில் எதற்கும் முடி நடுவது வைத்தியம் இல்லை, ஆனால் இந்த நான்கு பேரும் நேரே விளம்பரத்தைப் பார்த்துப் போனால் நட்டு அனுப்பப்படும் வாய்ப்பு உண்டு.

அதற்குப் பிறகு காகிதம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. நுங்கம்பாக்கத்து மாணவர் இறந்தது இந்த இடைவெளியில். இன்றைக்குப் பதிவு கட்டாயம், மாவட்டத்தில் பொறுப்பு மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு, சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் முடி நடுவதற்கு முறையான பயிற்சி வேண்டும், பயிலரங்கில் உட்கார்ந்ததும் யூடியூபில் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது. அரசு அமைப்பு ஒன்று யூடியூபின் பெயரைச் சொல்லி எழுத வேண்டிவந்ததிலிருந்தே நிலைமையை ஊகிக்கலாம். சான்றிதழ் மாட்டினால் உயிர் பிழைத்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. பிழைக்காதுதான். ஆனால் அந்தத் தாளில் ஒரு பெயரும் முகவரியும் இருக்கிறது. மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்க முடிகிறது. மாலையில் கடையைப் பூட்டிக்கொண்டு போகிறவரையும் நாளைக்கும் அங்கேயே இருக்க வேண்டியவரையும் பிரித்துக் காட்ட அது போதும்.

இனி வீடு திரும்பிய பிறகு. கடலூர் வெயிலிலும் புழுக்கத்திலும் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். எடுத்த இடம் பின்னால் புண், நட்ட இடம் முன்னால் புண்; பஸ்ஸில் தலை சாய்க்கவும் முடியாது, முன்சீட்டில் நெற்றியை வைக்கவும் முடியாது. அன்றிரவே ஊர் திரும்பும் திட்டத்தை விட்டுவிட்டு, மறுநாள் கட்டுப் பிரித்துத் தலையலசிக் காட்டும்வரை அந்த ஊரிலேயே தங்குவது மேல். இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்த வாக்கில் சில இரவுகள் தூங்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் நெற்றியில் இறங்கும் வீக்கம் கண்ணிமைக்கு வந்து தானே வடியும். பயமுறுத்துமே தவிர பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சீழ், நட்ட இடத்தில் தோல் கறுத்துப்போவது ஆகியவை அன்றைக்கே காட்ட வேண்டியவை. எது வடியும் வீக்கம், எது கிருமி என்பதை போனில் அனுப்பிய படத்தை வைத்துச் சொல்ல முடியாத நேரம் வரும். முதல் பத்து நாள் நட்ட வேர் பிடித்துக்கொள்ளும் காலம். சொறிந்தால் வந்துவிடும், ஹெல்மெட் உரசினால் வந்துவிடும். டூவீலரில் வேலைக்குப் போகிறவர் அந்தப் பத்து நாளுக்கு பஸ்ஸை நம்பிக்கொள்ள வேண்டியதுதான். சில்வர் பீச்சில் கடல் குளியல் ஒரு மாதத்துக்கு வேண்டாம். கத்திரி வெயிலில் நட்டு வியர்வையில் நனைவதையும், ஐப்பசி கார்த்திகையில் நட்டுப் புயலில் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பதையும் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம்.

கல்யாணக் கணக்கு போடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். தையில் முகூர்த்தம், கார்த்திகையில் நட்டுவிடலாம் என்றால் தாலி கட்டும் நாளில் தலை இருப்பதைவிட மோசமாக இருக்கும். நட்ட முடி இரண்டாம் வாரத்திலிருந்து உதிர ஆரம்பிக்கிறது; வேர் உள்ளே தங்கி ஓய்வெடுக்கிறது. அதிர்ச்சியில் அக்கம்பக்கத்துப் பழைய முடியும் கொஞ்சம் கொட்டலாம். மூன்று நாலு மாதத்தில் மெல்லிய முடி தலைகாட்டும், ஆறு மாதத்தில் ஓரளவு, ஒரு வருடத்தில்தான் முழுசு. ஆக, போன வருடத் தைக்கே நட்டிருக்க வேண்டும். இதை முன்பணம் வாங்கும் முன்பே சொல்கிற இடமும் உண்டு, இரண்டாம் மாதம் அழுதுகொண்டு போன் செய்யும்போது சொல்கிற இடமும் உண்டு. இன்னொன்று, இந்தப் பக்கத்துக்கே உரியது: திருவந்திபுரத்தில் மொட்டை போடும் வேண்டுதல் உள்ள குடும்பமாக இருந்தால், பின்னந்தலையில் பட்டையாகத் தோலை வெட்டி எடுக்கும் எஃப்.யூ.டி. முறையில் நீளக் கோடாகத் தழும்பு தங்கும், மொட்டையில் அது பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்கும் எஃப்.யூ.ஈ. முறையிலும் புள்ளிகள் இருக்கும், ஆனால் அவ்வளவு கண்ணை உறுத்தாது. நட்ட முடியைப் பின்னாளில் மழித்தாலும் மறுபடி வளரும்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு, இது நல்ல கையைவிட்டுப் பக்கத்து ஊரைத் தேடச் சொல்கிறது என்பது. சென்னையில் வாரத்துக்குப் பல பேருக்கு நடுகிறவருக்கும் கடலூரில் மாதத்துக்கு ஒருவருக்கு நடுகிறவருக்கும் கைப்பழக்கம் ஒன்றாகுமா? ஆகாது. ஆனால் பெரிய பெயர் கம்பெனியுடையது, கை வேறு யாருடையதோ. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தில் துளையிடுவது யார், கீறுவது யார், வேரைச் செருகுவது யார் என்று கேட்டால் பதில் டெக்னீஷியனில் போய் முடிவது உண்டு. செருகுவதில் பயிற்சி பெற்ற உதவியாளர் இருப்பதில் தவறில்லை, மருத்துவர் அறையிலேயே இருந்து மேற்பார்த்தால். திட்டமிடுவதும் மரப்பு ஊசியும் கீறலும் அவர் கையில் இருக்க வேண்டும். 2025இல் கான்பூரில் இரண்டு பொறியாளர்கள் முடி நட்டபின் இறந்ததாக எழுந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர் ஒரு பல் மருத்துவர். பெரிய நகரம் என்பது மட்டும் காப்பாற்றுவதில்லை.

சாவு அபூர்வம், இப்படிப் பயமுறுத்தலாமா என்பது அடுத்தது. அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் நட்டுக்கொண்டு நலமாக இருக்கிறார்கள். அடிக்கடி நடக்கிற நஷ்டம் வேறு: அளவுக்கு மீறிப் பறித்துப் பூச்சி அரித்தது போல ஆன பின்னந்தலை, பொம்மைக்கு வைத்தது போல நேர்கோட்டில் நிற்கும் முன்வரிசை. இவற்றைத் திருத்தவும் பின்னந்தலை முடிதான் வேண்டும். அது ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

தூரத்துக் கையும் பக்கத்துக் கண்ணும் சேர்ந்தே கிடைக்க வழி இருக்கிறது. சென்னையிலோ புதுச்சேரியிலோ நட்டுக்கொள்ளட்டும். போவதற்கு முன்பே சிதம்பரத்திலோ கடலூரிலோ ஒரு தோல் மருத்துவரிடம் பேசி, வந்து காட்டினால் பார்க்க ஒத்துக்கொள்ளச் செய்யட்டும். நட்ட இடத்திலிருந்து எழுத்தில் ஒரு குறிப்பு வாங்கிவர வேண்டும்: எத்தனை கிராஃப்ட் எடுத்தது, எங்கிருந்து எடுத்து எங்கே வைத்தது, என்ன மருந்து எவ்வளவு செலுத்தியது, என்ன மாத்திரை எத்தனை நாள். அந்தக் குறிப்பு இல்லாமல் உள்ளூர் மருத்துவர் இருட்டில் துழாவ வேண்டும். அவர் தேவைப்படுவது பத்து நாளோடு முடிவதும் இல்லை. நட்ட முடி நிற்கும்; அதன் பின்னால் இருக்கும் பழைய முடி தன் போக்கில் மெலிந்துகொண்டே போகும். அதைப் பிடித்து நிறுத்த மினாக்சிடில் தடவுவதா, ஃபினஸ்டிரைட் விழுங்குவதா, சிலருக்கு அதனால் வரக்கூடிய ஆண்மை தொடர்பான தொந்தரவை எப்படிக் கவனிப்பது என்பதெல்லாம் வருடக்கணக்கில் பேச வேண்டிய விஷயம். அந்தப் பேச்சுக்குச் சென்னைக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு யாரும் போகப்போவதில்லை, அண்ணாமலைநகர் ஓ.பி.க்கு டவுன் பஸ் இருக்கிறது.