உதகைக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கேள்வி

திருத்தங்கல் பழம்பெருமை வாய்ந்த ஊர். சிலப்பதிகாரம் 'தங்கால்' எனக் குறிப்பிடுவது இவ்வூரையே. நின்ற நாராயணப் பெருமாள் குன்றின்மேல் கோயில் கொண்டிருப்பதும் இங்கேதான். 2021-ஆம் ஆண்டு சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பெற்ற இவ்வூரைச் சுற்றிலும் கரிசல் நிலமும், தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளும் பரந்து கிடக்கின்றன. வெயிலிலும் கந்தக நெடியிலும் உழைக்கும் நம் மக்களுள் சில குடும்பத்தாருடன் சென்ற கோடையில் நாம் உதகைக்குச் சென்றிருந்தோம். ஏரியையும் மலர்ப் பூங்காவையும் கண்டு களித்தபின், புனித ஸ்தேவான் ஆலயத்தை அடைந்தோம்.

தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்த நம் சகோதரர்களின் ஆலயம் அது. ஆங்கிலேயர் 1829-இல் அதற்கு அடிக்கல் நாட்டினர். 1830 நவம்பர் 5-ஆம் நாள் அது அபிஷேகம் செய்யப்பெற்று, மறு ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. உள்ளே அண்ணாந்து பார்த்தால் பெரும் பெரும் தேக்கு உத்திரங்கள் கண்ணில் படும். சீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கழற்றி, மலையேற்றிக் கொண்டுவரப்பட்டவை அவை என்பது வரலாறு.

ஆலயத்தின் பின்புறம் நிலம் மேல்நோக்கிச் செல்கிறது. அச்சரிவெங்கும் கல்லறைகள். ஓங்கிய மரங்களின் நிழலில், பாசி படர்ந்த கற்சிலுவைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. உதகையை ஆங்கிலேயரின் குடியிருப்பாக உருவாக்கிய கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவனின் மனைவியும் மகளும் அங்கே துயில்கின்றனர். சலிவனோ 1855-இல் இங்கிலாந்தில் மறைந்து அங்கேயே அடங்கினார். மலைக் காற்றை நாடி வந்தும் மரணத்திற்குத் தப்பாத இளந்தாய்மாரும் பச்சிளங் குழந்தைகளும் அச்சரிவில் பலர். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர், ஒரு தேதி, பிரிந்தோரின் கண்ணீர்.

இத்தகைய தோட்டம் போன்ற கல்லறைகள் இங்கிலாந்திலேயே அக்காலத்தில்தான் பெருகின. விக்டோரியா அரசியார் அரியணையேறிய 1837-ஆம் ஆண்டிலும், இலண்டன் மக்கள் தம் இறந்தோரைப் பெரும்பாலும் நெருக்கடியான கோயில் முற்றங்களில்தான் புதைத்து வந்தனர். குழியின்மேல் குழியாகத் தோண்டி நிலம் நிரம்பி வழிந்தது. 1848–49-இல் காலரா நோய் அந்நகரில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேரைக் கொண்டுபோயிற்று. இடுகாட்டுத் துர்க்காற்றே நோய்க்குக் காரணம் என அன்று பலரும் நம்பினர். அசுத்த நீரே உண்மைக் காரணம் என்பதை 1854-இல் மருத்துவர் ஜான் சினோ எடுத்துக் காட்டினார். எனினும், 1852-இல் இயற்றப்பட்ட அடக்கச் சட்டம் நகருக்குள்ளிருந்த இடுகாடுகளை மூடவும், பொதுச் செலவில் ஊருக்கு வெளியே புதியன அமைக்கவும் வழிவகுத்தது. இவ்வாறு இலண்டன் மாநகராட்சி ஏறத்தாழ 200 ஏக்கரில் அமைத்த கல்லறைத் தோட்டம் 1856-இல் திறக்கப்பட்டது. வளைந்து செல்லும் சாலைகளும் நிழல் மரங்களுமாக, காண்போர் பூங்காவென்று மயங்கும் வண்ணம் வில்லியம் ஹேவுட் என்பார் அதனை வகுத்தார்.

ஆனால் அத்தகைய தோட்டங்களிலும் மனிதன் கோடு கிழிக்கத் தவறவில்லை. அரசுச் சபையினருக்கு ஒரு பகுதி. ஏனையோருக்கு வேறொரு பகுதி. பணம் படைத்தவருக்குச் சாலையோரத்தில் பளிங்குச் சமாதி. ஏழைகளுக்கோ பலரை ஒன்றாக அடக்கும் பொதுக்குழி. அக்குழிமேல் பெயருமில்லை, கல்லுமில்லை.

இச்செய்திகளை எல்லாம் நாம் விளக்கிக் கொண்டிருந்தபோது, பட்டாசு ஆலையில் வேலை செய்யும் தாய் ஒருவர் நம்மை ஏறிட்டுப் பார்த்தார்.

"சாமி, உள்ள இம்புட்டுப் பெரிய உத்திரம் கெடக்கே, அதத் தூக்கிட்டு வந்தவங்க கல்லறை எங்க இருக்கு?" என்றார்.

நாம் விடை கூறவில்லை. மலையேறிய அக்கூலியாட்களின் பெயரைத் தாங்கிய கல் ஒன்றையும் நாம் அங்குக் காணவில்லை. அதனினும் மேலாக, அக்கேள்வி வேறொரு கல்லறையை நம் மனக்கண்முன் கொண்டுவந்து நிறுத்திற்று.

பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணிபுரிந்த பங்கு ஒன்றில், வெடி விபத்தில் மாண்ட இளைஞன் ஒருவனை அடக்கம் செய்தோம். அவ்வூர்க் கல்லறையின் நடுவே ஒரு வேலி இருந்தது. அவனுடைய குடும்பத்தார் எப்பக்கம் செல்ல வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நமக்கும் தெரிந்திருந்தது. குழியை மந்திரித்து, செபங்களைச் சொல்லி முடித்து, வாய் திறவாமல் திரும்பினோம். கருகிப்போன அவ்வுடலில் சாதி எங்கே எழுதியிருந்தது? ஞானஸ்நானத் தண்ணீர் அவன் தலையில் ஊற்றப்பட்டபோது வேலி எங்கே இருந்தது? அன்று கேட்க வேண்டிய இக்கேள்விகளை இன்று எழுதுகிறோம். இது நமது குற்ற அறிக்கை.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, சாதி வேற்றுமையின் சாயல்கூடக் கிறிஸ்தவ ஒற்றுமைக்கு எதிரானதென அறிவுறுத்தினார். இந்திய ஆயர் பேரவையும் 2016 திசம்பரில் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டது. இருந்தும் தமிழகத்தில் சில கல்லறைகளில் சுவரும் வேலியும் இன்னும் நிற்கின்றன. முட்கம்பி இல்லாத ஊரிலோ, பழக்கமே வேலியாக நிற்கிறது.

கல்லறையைக் குறிக்கும் பழங்கிரேக்கச் சொல்லுக்கு 'உறங்கும் இடம்' என்பது பொருள். உறங்குகிறவர் எழுவார் என்ற நம்பிக்கையே ஆதிக் கிறிஸ்தவர்களை அப்பெயரால் அழைக்கச் செய்தது. எழுப்பும் குரல் ஒன்றேயாக இருக்க, படுக்கும் இடத்தில் பாகப்பிரிவினை எதற்கு?

அன்பார்ந்த குடும்பத்தாரே, நவம்பர் 2-ஆம் நாள் அண்மித்து வருகிறது. கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசி, மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றச் செல்வீர்கள். உங்கள் பெற்றோரின் கல்லறையில் மன்றாடி முடித்தபின், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிறிது தூரம் நடந்து செல்லுங்கள். வேலி இருப்பின் அதற்கு அப்பாலும் செல்லுங்கள். புல் மண்டிப் பெயரின்றிக் கிடக்கும் மேடு ஒன்றில் ஒரு திரி ஏற்றுங்கள். இங்கே கிடப்பவர் யார் என்று பிள்ளை கேட்டால், நம் அண்ணன், நம் அக்காள் என்று சொல்லுங்கள்.

அந்த இளைஞனின் குழிமேட்டைத் தேடி, இவ்வாண்டு நாமும் செல்கிறோம்.