தொண்ணூற்றொன்பதில் ஒரு பூட்டு

மே 8, 2025, வியாழன்

பாகூரிலிருந்து ஒரு பையன் லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தான். "அண்ணே, ஜிடிஏ கேம் அஞ்சு நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் ஸ்ட்ரக் ஆகுது. ரேம் போட்டா சரியாயிடுமா?" எங்கள் பக்கத்தில் லேப்டாப்புக்கு வரும் எந்த நோய்க்கும் முதல் மருந்து ரேம், அடுத்தது பார்மட்.

உள்ளே இருப்பது ஐ5-8250யூ, 2017இல் வந்த சில்லு. அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4. நிரந்தரமாகத் தாங்கும் மின்சாரம் 15 வாட் என்ற கணக்கில் செய்தது. 3.4இல் ஓடுவது அந்தக் கணக்கை மீறித்தான். அதனால் கொஞ்ச நேரத்துக்கு மட்டுமே அந்த வேகம். விற்கிறவர்கள் பெரிய எண்ணை மட்டும் சொல்லி விற்றுவிடுகிறார்கள்.

பையன் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மெத்தைமேல் வைத்து விளையாடுகிறானாம். அக்னி நட்சத்திரம் வேறு. அடியில் காற்று போகும் துளைகளை மெத்தை அடைத்துக்கொள்கிறது. சூடு ஏறினால் சில்லு தானாக வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. திறந்து தூசி தட்டி, சில்லின் மேலுள்ள தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன்.

மே 9, வெள்ளி

இன்று வந்தது நேர்மாறான கேஸ். கூடப்பாக்கத்துத் தம்பியின் லேப்டாப் ஜில்லென்று இருக்கிறது, கேம் ஆரம்பத்திலிருந்தே நகரவில்லை. பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்' 99இல் நின்றது. ஏதோ வீடியோவைப் பார்த்து வைத்தானாம், சூடு குறையும் என்று. குறையத்தான் செய்யும். ஆனால் நூறிலிருந்து ஒன்றைக் குறைத்தால் வேகம் நூற்றில் ஒரு பங்கு மட்டும் குறையும் என்று நினைத்துக்கொண்டான். 99 என்றால் டர்போவே பூட்டிக்கொள்கிறது. சில்லு அடிப்படை வேகத்தை ஒட்டியே நிற்கும்.

இதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். வேகம் ஏற ஏற வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். செலவாகும் மின்சாரமோ வோல்டேஜின் இருமடியாக ஏறுகிறது. உச்சியில் கிடைக்கும் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் சூடு அதிகம். பல லேப்டாப்களில் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் சில்லுக்கும் வெப்பக்குழாய் ஒன்றே என்பதால், ஒன்று அடங்கினால் மற்றதற்கு மூச்சு கிடைக்கும். கிராபிக்ஸை நம்பும் கேமுக்கு 99 நல்லதாகக்கூட இருக்கலாம். ஊரெல்லாம் கார்களும் ஆட்களும் ஓடும் ஜிடிஏவுக்குப் பிராசஸரும் வேண்டும், அங்கே அடிவாங்கும்.

மே 13, செவ்வாய்

சாயங்காலம் லோ வோல்டேஜ். "அதான்ணே கேம் ஸ்லோ" என்றான் கடைக்கு வந்த ஒருவன். அடாப்டரின் முதுகைக் காட்டினேன்: 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சடித்திருக்கிறது. அதற்குக் கவலையில்லை, சீலிங் ஃபேன் தளர்ந்து அறை வேகிறது, அதுதான் பாதிப்பு. கரண்ட்டே போனால் கதை வேறு. பேட்டரிக்கு மாறியதும் விண்டோஸ் இன்னொரு அமைப்பை எடுத்துக்கொள்ளும். 'ஆன் பேட்டரி', 'பிளக்டு இன்' என்று இரண்டு வரிசை இருப்பதைப் பாதிப் பேர் கவனிப்பதில்லை. அடாப்டர் தரும் வாட்டைப் பேட்டரி தரவும் தராது.

மே 17, சனி

பாகூர்ப் பையன் போன் செய்தான். இப்போது அரைமணி நேரம் தாங்குகிறதாம், பிறகு தடுமாறுகிறதாம். பிரேம் ரேட்டை 40இல் கட்டிப்போடச் சொன்னேன். அறுபதுக்கு ஏறி இருபதுக்கு விழுவதைவிட நாற்பதில் நிற்பது கண்ணுக்கு இதம், சில்லுக்கும் வேலை குறைவு. லேப்டாப்பை மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றச் சொன்னதற்கு, "மேசையில தம்பி படிக்கிறான்ணே" என்றான்.