ஆசாரி பையில் பச்சை அட்டை

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே ஒரு கட்டட விதியின் பிள்ளை. 1881இல் முதலில் தீ, பிறகு வெள்ளம் என்று அடுத்தடுத்து விழுந்த அடியில், அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக நின்ற கோலாலம்பூர் சீர்குலைந்தது. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹம், இனி ஊருக்குள் செங்கல்லும் ஓடும்தான் என்று பிடிவாதமாக நின்றார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த வெளிதான் பிரிக்பீல்ட்ஸ். தச்சருக்கு அன்றைக்குச் சுவர் போயிற்று. கூரைச் சட்டமும் கதவும் ஜன்னலும் மிஞ்சின. தச்சு வேலை எதுவரை என்பதை அரசாங்கக் காகிதம் தீர்மானிப்பது நேற்று வந்த வழக்கமில்லை.

இப்போது அதே பிரிக்பீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரலுக்கு அருகே உள்ள ஓர் அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகம். காலை ஒன்பது மணிக்கே குளிர்சாதனக்காரர், ஓடு பதிப்பவர், வர்ணக்காரர் எல்லாரும் கோப்பும் கையுமாக நிற்கிறார்கள். கிள்ளானிலிருந்து லாரியில் அலமாரிப் பலகைகளோடு வந்திருக்கும் ஆசாரிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காதில் பென்சில், இடது ஆள்காட்டி விரலின் நுனி இல்லை.

"அங்கிள், ஃபார்ம் இருக்கு, டெபாசிட்டும் ஓனர் கட்டிட்டாரு. சிஐடிபி சர்ட்டிபிகேட் எங்கே?" என்கிறார் கவுண்டரில் இருக்கும் பெண்.

"அது கம்பெனி பேர்லம்மா. போஸ் வாட்ஸ்அப்ல அனுப்புறேன்னாரு."

"அப்ப வந்ததும் காட்டுங்க. ரெண்டு பேரோட பச்சை அட்டையை வச்சிட்டு மேல போங்க."

பர்ஸிலிருந்து இரண்டு அட்டைகள் வெளியே வருகின்றன. கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவர் யாரானாலும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், அதாவது எல்லாரும் சொல்லும் சிஐடிபியில், பெயர் பதிந்திருக்க வேண்டும் என்கிறது 1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டம். பாதுகாப்பு பற்றி ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து வந்தால் கிடைப்பது இந்த அட்டை. தலைக்கவசம் போடத் தெரியும், ஏணியில் ஏறத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. உளி பிடிக்கத் தெரியுமா என்று அது கேட்பதில்லை.

அந்தக் கைத்திறனை மேலே போய்ப் பார்த்தேன். அலமாரியின் பக்கப் பலகையைச் சுவரோடு ஒட்டி நிறுத்துகிறார் ஆசாரி. மேலே இடைவெளி இல்லை, கீழே ஒரு விரல் நுழைகிறது. புதுச் சுவர்தான், ஆனாலும் நேராக இல்லை. "எந்த வீட்டுச் சுவர் தம்பி நேரா இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே ஒரு சின்ன மரத்துண்டைச் சுவரோடு வைத்து, அதன் மறுபக்கம் பென்சிலை அணைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. சுவரின் கோணல் அப்படியே பலகையில் கோடாக விழுந்துவிட்டது. அந்தக் கோட்டில் அறுத்து மறுபடி நிறுத்தியபோது காகிதம்கூட நுழையவில்லை. எந்தப் பதிவுப் படிவத்திலும் இந்த வித்தைக்குக் கட்டம் கிடையாது.

வேலைக்காரரின் கதை அட்டையோடு முடிகிறது. குத்தகையாளரின் கதை வேறு. கட்டுமான வேலை எதையும் ஏற்று முடித்துக்கொடுக்க சிஐடிபி பதிவு வேண்டும். புதுக்கட்டடம் மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் மாற்றியமைப்பதும் புதுப்பிப்பதும் சட்டத்தின் கணக்கில் கட்டுமானமே. பதிவில்லாமல் செய்து குற்றம் உறுதியானால் அபராதம் குறைந்தது 10,000 ரிங்கிட், கூடினால் 100,000. கட்டிலோ மேசையோ பட்டறையில் செய்து விற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதே மரத்தை வீட்டுக்குள் கொண்டுபோய் சுவரோடு பொருத்தவும், தடுப்பு எழுப்பவும், கதவு நிலையை மாற்றவும் தொடங்கினால் சட்டம் உள்ளே வந்துவிடுகிறது.

ஆசாரியின் பட்டறை கிள்ளானில், மேரு பக்கம். தகரக் கூரை, நடுவில் வட்டரம்ப மேசை, ஓரம் ஒட்டும் இயந்திரம், எட்டுக்கு நாலு பலகைகள் நிமிர்த்திச் சாய்த்த அடுக்கு. சுவரில் இரண்டு சட்டகங்கள். ஒன்று எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தின் தொழில் பதிவு. மற்றது மாநகராட்சியின் வளாக உரிமம். கிள்ளான் 2024இல் அரச மாநகராட்சியாக உயர்ந்த பிறகும் அவர் வாயில் அது "எம்பிகே லைசென்ஸ்"தான். மூன்றாவது சட்டகத்துக்கு ஆணி மட்டும் இருக்கிறது. அது சிஐடிபிக்காகக் காத்திருக்கிறது என்று சிரிக்கிறார் மகன்.

அந்த ஆணியில் மாட்ட வேண்டியது ஜி1 பதிவு. சிஐடிபி குத்தகையாளர்களை ஜி1 முதல் ஜி7 வரை பிரித்திருக்கிறது. நீண்ட காலம் ஜி1க்கு இருந்த வரம்பு 2 லட்சம் ரிங்கிட் வேலை, 5,000 ரிங்கிட் மூலதனம். ஜி7க்கு வேலையில் உச்சவரம்பே இல்லை, மூலதனம் 750,000. தரம் ஏற ஏற தொழில்நுட்பப் பணியாளர்களின் தகுதியும் கேட்கப்படும். ஏணி முழுக்கப் பணத்தாலும் ஆட்களின் சான்றிதழாலும் ஆனது. வெளிப்படையாகச் சொன்னால், மரத்தையே தொடாத ஒருவர் ஏறவும், முப்பது வருடம் மரத்தோடு வாழ்ந்தவர் அடியிலேயே நிற்கவும் வசதியான ஏணி.

அதனால்தான் சந்தையில் ஒரு பின்வாசல் உருவாகிவிட்டது. பதிவுள்ள கம்பெனி வேலையை எடுக்கும், பதிவில்லாத ஆசாரி உப குத்தகையாகச் செய்வார், நடுவில் ஒரு பங்கு நிற்கும். சிலர் வேலையே எடுக்காமல் சான்றிதழை மட்டும் இரவல் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். அது சட்டப்படி தவறு. மலேசியாவில் இப்படிப் பெயர் ஒருவருடையது, வேலை வேறொருவருடையது என்ற ஏற்பாட்டுக்கு 'அலி பாபா' என்று ஒரு செல்லப் பெயரே உண்டு.

பெரியவருக்கு ஏன் பதிவில் ஆர்வம் இல்லை என்று கேட்டபோது, பதில் பழைய காலத்திலிருந்து வந்தது. முன்பு அரசாங்க வேலைக்கான குத்தகையாளர்கள் ஏ முதல் எஃப் வரை வகுக்கப்பட்டிருந்தார்கள். அதில் ஆகச் சிறிய எஃப் வகுப்பு பூமிபுத்ராக்களுக்கென ஒதுக்கப்பட்டது. பள்ளிக்கூடத்து மேசை, சுகாதார நிலையத்துக் கதவு போன்ற சின்ன வேலைகள் ஓடும் வகுப்பு அதுதான். "நமக்கு இல்லாத கடைக்கு எதுக்குச் சாவி?" என்று அன்றைக்கு முடிவு கட்டியவர் அப்படியே இருந்துவிட்டார். தனியார் வீட்டு வேலைக்கும் பதிவு வேண்டும் என்பதை அவருக்கு அடுக்குமாடி கவுண்டர்கள்தான் தாமதமாகக் கற்றுக்கொடுத்தன.

அரசாங்கப் பதிவுக்கு வெளியேயும் தச்சர்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடுகள் உண்டு. பினாங்கில் சீனத் தச்சர்களுக்கு லவ் லேனில் லூ பான் கோயிலும் அதோடு சேர்ந்த சங்கமும் உண்டு. தச்சர்களின் குலகுருவைக் கும்பிட்டுத் தொழிலில் சேர்வதும், சங்கத்துக்குக் கட்டுப்படுவதும் அங்கே வழக்கமாக இருந்தது. நம் ஆசாரிகளுக்கு அந்த இடத்தில் இருந்தவை குடும்பமும் சொந்தமும். தமிழ்நாடு வேறு வழியில் போனது. அங்கே 1982இன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. தச்சர் அதில் தொழிலாளியாகப் பதிந்து விபத்து உதவியும் ஓய்வூதியமும் கேட்கலாம். அதே 1994இல் மலேசியா போட்ட சட்டத்தின் அக்கறை, தளத்தில் யார் நிற்கலாம், குத்தகையை யார் எடுக்கலாம் என்பதிலேயே அதிகம். இங்கே சொந்தமாகத் தொழில் செய்பவருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017இல்தான் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு, பிறகு மற்ற தொழில்களுக்கு. பெரியவரின் விரல் நுனி அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டது.

கைத்திறனுக்கான காகிதம் இல்லாமலில்லை. அது வேறொரு துறையில் இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறை தரும் எஸ்கேஎம் சான்றிதழைப் பயிற்சி மையத்தில் படித்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பிபிடி என்ற வழியில், செய்த வேலைகளின் ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து மதிப்பீட்டாளரைத் திருப்திப்படுத்தினால் போதும். பள்ளியைப் பாதியில் விட்ட ஆசாரிக்கு இதைவிட நல்ல கதவு கிடையாது என்பேன். ஆனால் நான் பேசிய பட்டறைகளில் இளையவர்கள்தான் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். பெரியவர்களுக்கு அந்த மூன்றெழுத்தே புதிது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆதாரம் என்றால் படம், பில், கடிதம். மகனின் கைப்பேசியில் நூறு அலமாரி இருக்கிறது. அப்பா செய்த செங்கால் மரக் கதவுகள் யார் யார் வீட்டிலோ இருக்கின்றன.

வாடிக்கையாளரும் மாறிவிட்டார். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்த வெள்ளத்தில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் சமையலறை அலமாரிகள் மூன்று நாள் தண்ணீரில் ஊறின. மரத்தூளைப் பசையால் அழுத்திய பலகை ஊறினால் ரொட்டி மாதிரி உப்பும். பிறகு காய்ந்தாலும் பழையபடி ஆகாது. அதன்பின் பலர் அலுமினிய அலமாரி கேட்கத் தொடங்கினார்கள். "மரவேலைக்காரன்கிட்ட வந்து மரம் வேண்டாங்கிறாங்க," என்கிறார் பெரியவர். மகன் அலுமினியம் வெட்டவும் கற்றுக்கொண்டுவிட்டார்.

வெள்ளத்துக்குப் பிந்தைய அவசரத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போன குத்தகையாளர் கதைகளுக்கும் இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. சிஐடிபி இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் பதிவு உண்டா, எந்தத் தரம், எப்போது காலாவதி என்று தெரிந்துவிடும். ஏமாந்தவர்கள் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வைக்கலாம். ஆனால் எதிராளிக்குப் பதிந்த பெயரும் முகவரியும் இல்லையென்றால் அறிவிப்பை எந்த வாசலில் ஒட்டுவது? பதிவு வேண்டும் என்பதற்கு நான் கேட்ட காரணங்களில் அபராதத்தைவிட இதுதான் ஆசாரிகளிடம் எடுபடுகிறது. ஓடிப்போகிறவன் கெடுத்த பெயரை அவர்கள்தானே சுமக்கிறார்கள்.

மகன் ஜி1க்கு விண்ணப்பிக்க முடிவெடுத்துவிட்டார். அதற்கு முன் எஸ்எஸ்எம் பதிவைப் புதிதாக எடுக்க வேண்டும் என்கிறார். இப்போதுள்ளது அப்பாவின் அடையாள அட்டைப் பெயரில் இருப்பது. சொந்தப் பெயரில் தொழில் பதிய வருடத்துக்கு 30 ரிங்கிட். மகனுக்குக் கடைப்பெயர் வேண்டும், பலகையில் எழுத, முகநூலில் போட. அதற்கு 60.

"முப்பது வெள்ளி கூடவா? அதுல நாலு கீல் வாங்கலாம்," என்று அப்பா ரம்பத்தை ஓட விடுகிறார். மகன் ரம்பம் நிற்கும்வரை காத்திருந்து, தான் யோசித்து வைத்த மூன்று பெயர்களையும் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறார்.