எட்டு தசம் எட்டு

லயன் ஸ்டவுட் என்னும் கறுப்புப் பியரின் சுட்டியில் மதுசாரத்தின் அளவு 8.8 வீதம் என்று அச்சிடப்பட்டிருக்கும். அதே நிறுவனத்தார் விற்கும் லயன் ஸ்ட்ரோங் என்ற மஞ்சள் நிறப் பியரிலும் அதே இலக்கந்தான். அண்மையில் கிளிநொச்சியில், ஏ9 வீதியோரத்து மதுக்கடை ஒன்றின் கம்பி வலைக்குள்ளால் பணத்தை நீட்டி ஸ்டவுட் கேட்டேன். உள்ளே நின்ற இளைஞர் என் நரைத்த தலைக்கு இரங்கியிருக்க வேண்டும். "ஐயா, அது கைக்கும். ஸ்ட்ரோங் எடுங்கோ. ரெண்டிலயும் வெறி ஒண்டுதான்" என்றார்.

வெறி ஒன்றுதான் என்பதில் பிழையில்லை. 625 மில்லிலீற்றர் கொண்ட பெரிய போத்தலில் 55 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. கால் போத்தல் சாராயத்தில் உள்ளதைவிடச் சற்றே குறைவு. ஆனால் அந்த இளைஞருக்கும் எனக்கும் இடையிலான கருத்து வேறுபாடு அந்த 55 மில்லிலீற்றரைப் பற்றியதன்று; மிகுதி 570 மில்லிலீற்றரைப் பற்றியது. அவர் போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். நாங்கள் எழுதுவதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

தங்கியிருந்த நண்பர் வீட்டில் அதை உடனே திறக்கவில்லை. கடைக் குளிரூட்டியிலிருந்து எடுத்த ஸ்டவுட்டை அப்படியே குடிப்பது, ஐஸ் போட்டுப் பாயசம் குடிப்பதற்கு ஒப்பானது. குளிர் நாக்கை மரக்கச் செய்யும், மணம் எழாது. அரை மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு, வாய் அகன்ற கண்ணாடிக் குவளையில் சரித்து ஊற்றினேன். கறுப்பு என்று சொல்கிறோமே தவிர, விளக்கின் முன் பிடித்தால் ஓரத்தில் மாதுளம்பழச் சிவப்புத் தெரியும். நுரை வெண்மையன்று, பால் விட்ட கோப்பியின் நிறம். முதலில் எழுவது வறுத்த கோப்பிக்கொட்டையின் மணம். சற்றுப் பொறுத்தால் அதற்கு அடியில் முந்திரிகை வற்றல், கருகத் தொடங்கும் சீனிப்பாகு, இனிப்புக் குறைந்த சொக்லேற். வாயில் எண்ணெய்போல் வழுவழுத்துப் பரவுகிறது. கைப்பு கடைசியில்தான் வருகிறது. வந்தாலும் இனிப்பை வெல்வதில்லை. விழுங்கிய பின் நெஞ்சில் ஒரு சூடு.

குறைகளும் உண்டு. அந்த இனிப்பு அரைக் குவளைக்கு மேல் தெவிட்டும். எங்கள் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழ், மாதக்கணக்கில் அடுக்கிவைக்கப்பட்ட போத்தலில் நனைந்த கடதாசியின் வாடை ஏறிவிடும். ஆகவே திகதி பார்த்து வாங்குவது நன்று. நான் வாங்கியது புதிது. பத்துக்கு எட்டுப் புள்ளி தருவேன். பாதிப் போத்தலுக்கு மட்டும்.

இப்பியரின் பூர்வீகம் இலண்டன். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகரத்துச் சுமை தூக்குவோர் விரும்பிக் குடித்த போர்ட்டர் என்ற கபிலநிறப் பியரின் வலுக்கூடிய வகையே ஸ்டவுட். 1817 இல் டானியல் வீலர் என்பவர் முளைகட்டிய பார்லியைக் கருகாமல் கறுக்க வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே ஸ்டவுட்டுக்கு இன்றைய கருமை வாய்த்தது. நெடுங்கடல் தாண்டிக் கெடாமல் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக, குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பியதில் மதுசாரத்தைக் கூட்டினார்கள். பிற்காலத்தில் அந்நாடுகளே வடிக்கத் தொடங்கியபோது இனிப்பும் கூடிற்று. யமேக்கா, சிங்கப்பூர், இலங்கை என்று சூடான நாடுகளில்தான் இந்தச் சூடான பியர் நிலைத்தது என்பது விந்தை. அமெரிக்காவின் பியர் நடுவர் அமைப்பு 2015 இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இதனை வெப்பமண்டல ஸ்டவுட் எனத் தனிவகையாக வைத்து, எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக எங்கள் லயனையும் குறிப்பிட்டது.

நுவரெலியாவில் பியர் வடித்தலைத் தொடக்கியவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் ஆபிரிக்காவுக்குச் சென்று அல்பேர்ட் ஏரியை ஐரோப்பியருக்கு அறிவித்த அதே பேக்கர்தான். 1849 இல் அவர் தொடங்கிய முயற்சி 1881 இல் முறையான வடிசாலையாயிற்று. குளிர்ந்த மலைநீரை நம்பி அமைந்த அந்த வடிசாலை நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கு இயங்கி, பின்னர் கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இறங்கிவந்தது. மலைநாட்டில் இதனைச் சுவைத்து உலகுக்குச் சொன்னவர் மைக்கல் ஜாக்சன். பாடகர் அல்லர், பியரைப் பற்றி எழுதுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டு 2007 இல் மறைந்த ஆங்கிலேயர். அவர் எழுதிய பிறகே இலண்டனிலும் அமெரிக்காவிலும் சுவை தேடுவோர் லயனைத் தேடலாயினர். பெரும் தொழிற்சாலையில் செய்யப்படும் ஒரு பியரை, கைவினைப் பியரன்றி வேறெதையும் தொடாதவர்களும் மதிக்கிறார்கள். இலண்டனில் வாழும் என் மைத்துனருக்கு இதை முதன்முதலில் வாங்கிக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரச் சக ஊழியர்: "உங்கள் நாட்டுச் சரக்கு, தெரியாதா?"

தெரியாதுதான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் மின்கலத்துக்கும் வன்னி ஏங்கிக் கிடந்தது. அப்போது வளர்ந்த எங்கள் தலைமுறையின் நாக்கு அறிந்த மது பனங்கள்ளு ஒன்றே. அதைச் சுவைக்கத் தெரிந்த மனிதர்களும் இருந்தார்கள். தவறணையில் பிளாவை வாயருகே கொண்டுபோனவர் முதலில் மணப்பார், ஒரு மிடறை வாயில் நிறுத்துவார், பிறகுதான் தீர்ப்பு. காலையில் இறக்கியதா, நேற்றையதைக் கலந்ததா, முட்டி கழுவினதா, எந்தக் காணி மரம் என்றெல்லாம் சொல்லிவிடுவார்கள். எத்தனை வீதம் என்று எவரும் கேட்டதில்லை. ஐந்து வீதத்தை ஒட்டி இருக்கும். அது அவர்களுக்குப் பொருட்டன்று.

சுண்ணாம்பு பூசிய முட்டியில் சேர்வது கருப்பநீர். பூசாத முட்டியில் சேர்வது கள்ளு. காற்றிலும் பாளையிலும் உள்ள நொதியங்கள் மரத்தின் உச்சியிலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. இறங்கும்போது அது பாதி வடித்த மது. காலையில் இனிப்பு, மதியத்தில் இனிப்பும் புளிப்பும் சமன், மாலையில் புளிப்பு, மறுநாள் வினாகிரி. ஓர் ஊர், ஒரு மரம், ஒரு கை, ஒரு பகல். கைவினை மது என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை நான் அறியேன்.

நண்பரின் தந்தையார் நாற்பது ஆண்டுகள் மரம் ஏறியவர். எண்பதை எட்டிய கால்கள் இப்போது முற்றத்தைத் தாண்டுவதில்லை. அவருக்கும் ஒரு சிறு கிளாசில் ஊற்றிக் கொடுத்தேன். மணந்தார். ஒரு மிடறை வாயில் நிறுத்திக் கண்ணை மூடினார்.

"பாணி காய்ச்சேக்கை அடிப்பிடிச்சா வாற மணம்" என்றார். "ஆனா பழுதில்லைத் தம்பி. இது என்ன மரத்துச் சாமான்?"

மரமில்லை, பார்லி என்னும் தானியத்தை முளைக்கவைத்து வறுத்து வடிப்பது என்று விளக்கினேன்.

"அப்ப ஆர் இறக்கிறது?"

அவருடைய கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஆனால் அடிப்பிடித்த பாணி என்ற அந்த ஒரு சொற்றொடர், நான் மேலே எழுதிய கோப்பிக்கொட்டை, சொக்லேற் எல்லாவற்றையும் விடத் துல்லியமானது. வறுத்த தானியத்தின் கைப்பும் கருகிய இனிப்பும் ஒரே மணத்தில் அடங்கிவிட்டன.

அந்த நாக்குகள்தான் வன்னியில் அருகி வருகின்றன. போரில் தறிக்கப்பட்ட பனைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எஞ்சியவற்றில் ஏறுவதற்கு ஆளில்லை. மறுபுறம், 2024 இல் வழங்கப்பட்ட மதுக்கடை அனுமதிகளின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியானபோது, கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16. பன்மடங்கு மக்கள் வாழும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குக் கிடைத்தது அதனிலும் மிகக் குறைவு. மீள்குடியேறி, கடனில் வீடு கட்டி, கூலிக்குப் போகும் மக்கள் நிறைந்த மாவட்டம் இது. கடை இல்லாவிட்டால் கசிப்புப் பெருகும் என்பது அனுமதி தருவோரின் வாதம். கடைகள் வந்தன, கசிப்பும் போகவில்லை.

தருமபுரத்தில் சந்தித்த ஒரு தாயார் தம் கணவரைப் பற்றிச் சொன்னார்: "போத்தல்ல நம்பரைப் பாத்துத்தான் வாங்குறார் ஐயா. நம்பர் கூட எண்டால் காசு மிச்சமாம்." குடிப்பவர் கணக்கில் அது சிக்கனம். போத்தலின் இலக்கத்தைப் பார்த்து வாங்குபவரிடம் கள்ளு தோற்கும், ஸ்டவுட்டும் தோற்கும். கள்ளுக்குப் பொறுமை வேண்டும். ஐந்து வீதத்தில் மயங்குவதற்கு ஒரு லீற்றருக்கு மேல் குடிக்க வேண்டும். ஸ்டவுட் கைக்கும். வெல்வது ஸ்ட்ரோங்.

1970களில் கள்ளுத் தவறணைகள் தனியார் குத்தகையிலிருந்து மரமேறுவோரின் கூட்டுறவுச் சங்கங்களிடம் வந்தபோது, அது அச்சமூகத்துக்குக் கிடைத்த மானமாகக் கொண்டாடப்பட்டது என்று பெரியவர் சொல்வார். பாஸ்புத்தகத்தில் தம் பெயர் எழுதப்பட்ட நாள் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அச்சங்கங்கள் இன்றும் இயங்குகின்றன. விற்பனை வீழ்கிறது என்று முறையிடுகின்றன. பெரியவரின் இளைய மகன் மரமேறவில்லை. பரந்தன் பக்கம், புதிதாகத் திறந்த மதுக்கடை ஒன்றில் காசாளராக இருக்கிறார். சம்பளம் மாதந்தோறும் வருகிறது. விழுந்து முறியும் பயமும் இல்லை. போயா நாளில் விடுமுறை.