செயினுக்கு ஒரு காவல்

சைக்கிளில் செயின் கழல்வது புதுமையன்று. சைக்கிள் ஓட்டும் எவரைக் கேட்டாலும், கறுத்துப்போன விரல்களின் கதை ஒன்றைச் சொல்வார். சாதாரண சைக்கிளில் அது சிறு தொல்லை. ஓரமாக நிறுத்தித் தூக்கி மாட்டினால் தீர்ந்தது. ஆனால் கியர் வைத்த ரோடு சைக்கிளில், மேம்பாலத்து ஏற்றத்தில், பின்னால் பேருந்து வரும்போது கழன்றால்? அதற்கு நாங்கள் தேடிக் கண்ட தீர்வையே இங்கு எழுதுகிறோம்.

எங்கள் அண்ணன் வெளியூருக்கு வேலைக்குப் போனபோது, தம் ரோடு சைக்கிளை அக்கா தங்கையராகிய எங்கள் இருவருக்கும் விட்டுச் சென்றார். அதன் முன்பக்கம் இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. பெரியதில் 50 பற்கள், சிறியதில் 34. சமதரைக்குப் பெரியது, ஏற்றத்திற்குச் சிறியது. செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடும் கருவிக்கு முன் டீரெய்லர் என்று பெயர். பெரிய சக்கரத்திலிருந்து இறங்கும் செயின் சில வேளைகளில் சிறியதில் நில்லாமல், அதையும் தாண்டி உட்புறம் விழுந்துவிடும். அப்போது மிதித்தால் கால்தான் சுழலும்; வண்டி நகராது. சட்டத்தின் பெயின்டும் சுரண்டப்படும்.

ஒரே மாதத்தில் மூன்று முறை எங்களுக்கு இப்படி நேர்ந்தது. மூன்றாம் முறை, பின்னால் வந்த லாரியின் ஹாரன் சத்தத்தில் எங்களில் இளையவள் தடுமாறிக் கீழே இறங்கினாள். செய்தி வீட்டுக்கு எட்டியது. “அந்த வண்டியே வேண்டாம்டி, பஸ்ஸிலே போங்க” என்றார் அம்மா. “இரண்டு வாரத்திலே சரிபண்ணிக் காட்டுங்க, இல்லேன்னா வித்துடலாம்” என்றார் அப்பா.

உலகப் பெருவீரர்களையும் செயின் விட்டுவைத்ததில்லை. 2010-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று, டூர் டி பிரான்ஸ் போட்டியில், மஞ்சள் சட்டையுடன் முன்னணியில் இருந்த ஆண்டி ஷ்லெக்கின் செயின் பிரெனீஸ் மலையேற்றத்தில் கழன்றது. அன்று மட்டும் அவர் ஆல்பெர்டோ கொன்டடோரிடம் 39 வினாடிகளை இழந்தார். பாரிஸை அடைந்தபோது இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசமும் அதே 39 வினாடிகள்! பின்னர் 2012-இல் ஊக்கமருந்து வழக்கில் கொன்டடோரின் பட்டம் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்குக் கிடைத்தது என்பது வேறு கதை.

எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்த்தார். “முதல்லே இந்த ஸ்க்ரூவைப் பாரும்மா” என்று டீரெய்லரின் சிறு திருகைக் காட்டினார். செயினை எவ்வளவு தூரம் உள்ளே தள்ளலாம் என்பதற்கு அதுவே எல்லை. அதைச் சரிசெய்தார். “இருந்தாலும் கியர் மாத்தற நேரத்திலே பள்ளத்திலே விழுந்தா செயின் துள்ளும். ஒரு கேச்சர் போட்டுடுங்க” என்றார்.

செயின் கேச்சர் என்பது விரல் நீளமே உள்ள ஓர் உலோகக் கை. அதை வாங்கி, அவர் அருகிலிருந்து சொல்லச் சொல்ல, நாங்களே பொருத்தினோம். செயினை முன்னால் சிறிய சக்கரத்திலும், பின்னால் மிகப் பெரிய சக்கரத்திலும் வைத்தோம். அப்போதுதான் அது சட்டத்திற்கு மிக நெருக்கமாக வரும். டீரெய்லரைச் சட்டத்தோடு பிணைப்பது ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றினால் டீரெய்லர் இடம் மாறிவிடும் என்பதால், முன்னதாகவே டேப் ஒட்டி அடையாளம் செய்துகொண்டோம். ஒருத்தி பிடித்துக்கொள்ள, மற்றவள் 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் போல்ட்டைக் கழற்றி, அதில் கேச்சரைக் கோத்து, மீண்டும் முடுக்கினாள். டீரெய்லர் பெரிய சக்கரத்தின் பற்களுக்கு மேலே 1 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்தில், சக்கரத்திற்கு இணையாக நிற்கிறதா என்று பார்த்தோம்.

இனிதான் நுட்பமான வேலை. கேச்சர் செயினைத் தொடக்கூடாது. தொட்டால் உரசிக்கொண்டே இருக்கும். வெகுதூரம் விலகவும் கூடாது. விலகினால் அந்த இடைவெளியில் செயின் விழுந்து சிக்கிக்கொள்ளும். சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பெடலைக் கையால் சுற்றி, இருபது முறை கியரை மாற்றிப் பார்த்தோம். அப்பாவும் வந்து ஐந்து முறை மாற்றிப் பார்த்தார். விற்கும் பேச்சு அன்றோடு நின்றது.

மூன்று மாதங்களாக ஒரு முறைகூடச் செயின் விழவில்லை. ‘கேச்சருக்கு வேலையே இல்லையோ?’ என்று எண்ணி, சென்ற வாரம் துடைக்கும்போது உற்றுப் பார்த்தோம். அதன் உட்புறத்தில் எண்ணெய்க் கறுப்பில் நான்கைந்து கீறல்கள்! அத்தனை முறை செயின் தாண்டப் பார்த்திருக்கிறது. அத்தனை முறையும் கேச்சர் தடுத்துத் திருப்பியிருக்கிறது. ஓட்டிய எங்களுக்கோ அது தெரியவே இல்லை.

தோழியரே, காவலில் இரண்டு வகை உண்டு. ஆபத்து வரும் என்று வண்டியையே விற்றுவிடுவது ஒன்று; ஆபத்து வரும் இடத்தில் சிறு கையொன்றை வைத்துவிட்டு, வண்டியை ஓடவிடுவது மற்றொன்று. முதலாவது எளிது, இரண்டாவதற்குச் சற்றுப் பொறுமையும் அளவறிந்த இடைவெளியும் வேண்டும். பெண்பிள்ளைகளாகிய நமக்கு அந்த இரண்டாம் வகைக் காவலே வேண்டும் என்று கேட்போம். கேட்பதோடு நில்லாமல், ஆலன் கீயைக் கையில் எடுத்து அதை நாமே பொருத்தவும் கற்றுக்கொள்வோம்!